பதினோரு கிழங்குகள்

ஏழாம் எண் படத்துக்கு வந்ததும் நார்மன் டாப்ஸ்காட்டின் கை நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை. நெதர்கோம்ப் தோட்டக்காரர் சங்கத்தின் வசந்தக் கண்காட்சி. காலை ஒன்பதரைக்குள் எல்லோரும் தங்கள் பூக்களையும் மார்மலேட் சீசாக்களையும் ஊர் மண்டபத்தில் வைத்துவிட்டு வெளியேறிவிட வேண்டும். பத்தரைக்கு நடுவர் வருவார். இடையிலுள்ள அந்த ஒரு மணி நேரம் நார்மனுக்குச் சொந்தம். தலைமை மேற்பார்வையாளர் அவர். ஒரு மர அளவுகோலோடு மேசை மேசையாகப் போவார். மூன்று தண்டு என்றால் மூன்று தண்டுதானா, பூச்சாடி ஒன்பது அங்குலத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார். தவறியவற்றின் முன்னால் 'விதிப்படி இல்லை' என்ற சின்ன அட்டையை வைத்துவிட்டு நகர்வார். அந்த அட்டையை வாங்காத வீடு ஊரில் கிடையாது. பாதிரியாரின் மனைவி இரண்டு முறை வாங்கியிருக்கிறாள். போன வருடம் நார்மனின் மனைவி மேவிஸுக்கே ஒன்று கிடைத்தது. அவளுடைய மார்மலேட் சீசா மூடியில் ஏதோ கடையின் பெயர் அழியாமல் இருந்ததாம். நவம்பரில் மேவிஸ் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேராவது அந்தச் சீசாவை நினைத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்து சொல்லவில்லை.

நாற்பத்தோராம் பிரிவு புகைப்படத்துக்கு. 'என் தோட்டத்து வசந்தப் பூ' என்று தலைப்பு. படம் ஏழு அங்குலத்துக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது. எடுத்தவரின் சொந்தத் தோட்டத்தில், இந்த வசந்தத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். யார் படம் என்று தெரியாதபடி பெயர் அட்டை குப்புறக் கிடக்கும். மேலே எண் மட்டும்.

ஏழாம் எண் படத்தில் ஒரு டாஃபடில் பூ இருந்தது. உயரமான புல்லுக்கு நடுவில், பாசி படர்ந்த ஆப்பிள் மரத்தின் அடியில், காலை வெயில் பின்னாலிருந்து விழ, எடுத்தவர் தரையோடு தரையாகப் படுத்து எடுத்திருக்க வேண்டும். வெளிறிய இதழ்கள் ஆறும் ஓடுகிற முயலின் காதுகளைப் போலப் பின்னால் மடிந்திருந்தன. நடுக் கிண்ணத்தின் விளிம்பில் நூல் பிடித்தாற்போல ஒரு பச்சைக் கோடு.

நார்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பச்சைக் கோடு அங்கேயேதான் இருந்தது.

அந்தப் பூ உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் பூத்தது. அவர் வீட்டுப் பின்சுவருக்கு அடியில். அங்கே புல்லும் கிடையாது, ஆப்பிள் மரமும் கிடையாது.

"ஜீன்! இங்க வாங்க. இந்த ஏழாம் நம்பர் யாரு?"

சங்கத்தின் செயலாளர் ஜீன் லஸ்கம் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்றவள். தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கேக்கவே கூடாத ஆளு கேக்கறீங்களே. நடுவர் பாத்து முடிக்கிற வரைக்கும் அட்டை குப்புறத்தான் கெடக்கணும். அந்த விதிய எழுதினதே நீங்கதான்."

"இது திருட்டு."

"என்னது, படமா?"

"பூ. இது மேவிஸோட பூ. அவ மகரந்தம் தொட்டு வச்சு உண்டாக்கினது."

ஜீன் குனிந்து பார்த்தாள். "எனக்கு எல்லா டாஃபடிலும் ஒண்ணு போலத்தான் தெரியுது, நார்மன். என்னைப் போய்க் கேக்காதீங்க. சரி, அட்டைய வைக்கிறதுன்னா வைங்க. என்ன காரணம் எழுதப் போறீங்க?"

நார்மன் அளவுகோலைப் படத்தின் மேல் வைத்தார். ஏழுக்கு ஐந்து, மயிரிழை பிசகவில்லை. பூ திருடப்பட்டதாக இருக்கக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. முப்பது வருடமாக யாருக்கும் அது தோன்றவில்லை.

"ஒண்ணும் எழுத முடியாதுல்ல?" என்றாள் ஜீன். "அப்ப அடுத்த மேசைக்குப் போங்க. மார்மலேட் காத்துக்கிட்டு இருக்கு."

சந்தேகம் நார்மனுக்குத் தொழில். முப்பத்தொரு வருடம் மாவட்டத்தின் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கசாப்புக் கடையில் இறைச்சியைப் பார்க்கமாட்டார், தராசின் ஓரத்தில் கடைக்காரனின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார். மதுக்கடையில் ஒரு கோப்பை பியர் வாங்கினால் நுரை அடங்கி அளவுக்கோடு தெரியும்வரை உதட்டில் வைக்கமாட்டார். கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. லஞ்சமாக ஒரு முட்டைகூட வாங்காதவர். ஆனால் அவர் ஒரு கடைக்குள் நுழைந்தால், நேர்மையானவனுக்கும் தான் ஏதோ செய்துவிட்டதாகத் தோன்றும். ஓய்வு பெற்றபோது மாவட்ட அலுவலகத்தில் ஒரு பித்தளைத் தராசைப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாக அது சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார். இல்லை.

மேவிஸ் அதற்கு நேர் எதிர். கணக்குப் பார்க்காமல் கொடுப்பவள், லேபிள் ஒட்டாமல் நடுபவள். அவள் நட்டதற்கெல்லாம் நார்மன் பின்னால் போய் லேபிள் ஒட்டினார். ஒரு வசந்தத்தில் அவள் ஓவியத் தூரிகையால் ஒரு டாஃபடிலின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் வைத்தாள். விதை முளைத்துப் பூக்க ஆறு வருடம் ஆனது. இருபது செடிகளில் பத்தொன்பது ஒன்றுக்கும் உதவாதவை. பதினாலாம் எண் செடி மட்டும் முயல் காதும் பச்சைக் கோடுமாகப் பூத்தது. அன்று காலை மேவிஸ் இரவு உடையோடு ஈர மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் சின்ன கேமராவால் அதை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"நார்மன், இங்க வந்து பாரு. குனிஞ்சு பாரு. நின்னுக்கிட்டே பாத்தா அது வெறும் பூ."

நார்மன் நின்றுகொண்டேதான் பார்த்தார். முறைப்படி பெயர் பதிவு செய்யும்வரை ஒரு கிழங்குகூட வெளியே போகக்கூடாது என்று அன்றே முடிவு செய்தார். பதிவு நடக்கவேயில்லை. படிவத்தில் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மேவிஸ் கடைசிவரை சொல்லவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஜூலை மாதம், இலைகள் காய்ந்ததும் நார்மன் கிழங்குகளைத் தோண்டி எடுத்தார். எண்ணினார். முப்பத்துநான்கு. மரத்தட்டில் பரப்பிப் பின்கட்டுக் கொட்டகையில் உலர வைத்தார். மறுநாள் எண்ணியபோது இருபத்துமூன்றுதான் இருந்தன.

எலி என்றாள் மேவிஸ். டாஃபடில் கிழங்கை எலி தொடாது, அது விஷம் என்று நார்மனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அன்று காலை கொட்டகைக்குள் போனது வேறு ஒரே ஆள்தான். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஸ்டான் யெலண்ட், தள்ளுவண்டியை இரவல் வாங்க வந்திருந்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இருபது வருட நண்பன். மதுக்கடையின் பின்கட்டில் மரப்பந்து உருட்டும் ஆட்டத்தில் நார்மனுக்கு ஜோடி. அந்த வருட வசந்தத்தில்தான் 'எனக்கு ஒரே ஒரு கிழங்கு குடேன்' என்று கேட்டு இல்லையென்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவன். நார்மனுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் நடுவில், ஊரே கேட்க, கேட்டுவிட்டார்.

ஸ்டான் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தான். "நான் எடுக்கல, நார்மன்" என்றான். அதற்குப் பிறகு அவன் நார்மனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது வருடம். மேவிஸின் இறுதிச் சடங்குக்கு வந்தான். கடைசி வரிசையில் நின்றான். தேநீருக்கு முன் போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு என்று நார்மன் அதையும் குறித்து வைத்துக்கொண்டார்.

இந்த ஜனவரியில் பச்சை முனைகள் மண்ணைக் கிழித்ததும் மேவிஸின் கேமராவைத் தேடி எடுத்தார். உள்ளே ஒரு படமும் இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தவள். படங்கள் எங்கே போயின? அதையும் யாரோ அழித்திருக்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரே செங்கல்லின் மேல் நின்று, அளவுகோலை மண்ணில் குத்தி, செடிகளைப் படமெடுத்தார். கணக்குக்காக. சாட்சிக்காக. ஒரு தண்டு குறைந்தாலும் எந்த நாள் குறைந்தது என்று சொல்லிவிடலாம்.

மார்ச் பத்தொன்பதாம் தேதிப் படம் மட்டும் கெட்டுப்போனது. முதல் பூ விரிந்த நாள். பனித்துளி ஒன்று பச்சைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுமா விழாதா என்று பார்ப்பதற்காகக் குனிந்தார். முட்டி வலிக்கவே முழங்காலிட்டார். எழுந்து உள்ளே வந்த பிறகுதான் அளவுகோலைக் குத்த மறந்தது தெரிந்தது. சாட்சிக்கு உதவாத படம். அழிக்கலாம் என்று நினைத்தார், அழிக்கவில்லை.

நடுவராக வந்தவள் பக்கத்து மாவட்டத்து அம்மாள்; நார்மனைவிடக் கறாரானவள் என்று பேர். நாற்பத்தோராம் பிரிவில் பத்து நிமிடம் நின்றாள். ஏழாம் எண்ணின் மேல் சிவப்பு அட்டையை வைத்தாள். முதல் பரிசு.

"எடுத்தவங்களுக்கு இந்தப் பூவை நல்லாத் தெரியும்" என்றாள். "ஒரு நாள் பாத்துட்டு எடுத்த படம் இல்ல இது. இது என்ன ரகம், மிஸ்டர் டாப்ஸ்காட்? நான் பாத்ததேயில்ல."

"பதிவாகாத ரகம்" என்றார் நார்மன்.

அவள் போனதும் அட்டைகளைத் திருப்பினார்கள். ஏழாம் எண்ணை நார்மனே திருப்பினார். ஸ்டான் யெலண்ட் என்ற பெயரை எதிர்பார்த்தே திருப்பினார்.

க்வென் ஹன்னஃபோர்ட் என்று இருந்தது.

மேட்டுப் பண்ணையின் விதவை. முப்பது வருடத்துக்கு முன்பு அவள் புருஷன் ரெஜ் விற்ற கெட்டிப் பாலாடைக் கிண்ணங்கள் பத்தில் ஆறு எடை குறைவாக இருந்தன. நார்மன்தான் வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு ரெஜ் பாலாடை விற்கவில்லை. ஹன்னஃபோர்ட் குடும்பம் டாப்ஸ்காட் குடும்பத்தைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். ஸ்டான் திருடி அவர்களுக்குக் கொடுத்தானா? இருவரும் சேர்ந்து செய்த வேலையா? நார்மனின் மனத்தில் பழைய இயந்திரம் எண்ணெய் விட்டாற்போல ஓடத் தொடங்கியது.

"நான் தோட்டத்தைச் சோதிக்கப் போறேன்" என்றார். "சந்தேகம் இருந்தா பரிசு குடுக்கறதுக்குள்ள போய்ப் பாக்கலாம்னு விதி இருக்கு. பதினேழாவது விதி."

"அதையும் நீங்கதான் எழுதினீங்க" என்றாள் ஜீன். "நாலு மணிக்குப் பரிசு. அதுக்குள்ள வந்துருங்க. அவகிட்ட அடி வாங்காம வாங்க."

மேட்டுப் பண்ணைக்கு இருபது நிமிட நடை. ஆப்பிள் தோப்பின் வாசற்கதவை நார்மன் தொடுவதற்குள், ரப்பர் காலணியும் கிழிந்த கம்பளிச் சட்டையுமாக க்வென் வந்து அந்தப் பக்கம் நின்றாள். எண்பதை நெருங்கியவள். தோளில் ஒரு கேமரா.

"இன்ஸ்பெக்டரையா! தராசு எங்க? கொண்டாரலையா?"

"உங்க படத்துல இருக்கற பூவைப் பாக்க வந்திருக்கேன்."

"பாக்கலாமே. உள்ள வாங்க. கால் வைக்கிற எடம் பாத்து வைங்க, மிதிச்சீங்கன்னா நான் வழக்குப் போடுவேன்."

மரங்களுக்கு அடியில் புல் முழுவதும் அவை நின்றன. வரிசை கிடையாது, லேபிள் கிடையாது. மேட்டிலிருந்து கீழ்ச் சரிவுவரை, காற்று வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு. நார்மன் எண்ண ஆரம்பித்தார். நூற்று நாற்பதுவரை வந்தார். ஒரு காற்று வீசி எல்லாம் அசைந்ததும் விட்ட இடம் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணவில்லை.

"ஸ்டான் எப்ப கொண்டுவந்து குடுத்தான்?"

"எந்த ஸ்டான்? பஸ்கார ஸ்டானா? அவன் எதுக்கு எனக்குப் பூ குடுக்கறான்? மேவிஸ் குடுத்தா."

நார்மன் பூக்களை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெஜ் செத்த வருஷம். ஊர்ல யார் யாரோ வந்தாங்க, உங்க வீட்லேர்ந்து யாரும் வரல. வருவீங்கன்னு நானும் நினைக்கல. ஜூலை மாசம் ஒரு நாள் காலைல கதவத் தட்டறா. கைல ரொட்டிக் காகிதத்துல சுத்துன பொட்டலம். 'க்வென், அன்னிக்கு அவர் செஞ்சது சட்டப்படி சரிதான், ஆனாலும் இத வச்சுக்கோ'ன்னா. பதினோரு கிழங்கு. எண்ணிக்கூடப் பாக்காமத்தான் அள்ளிட்டு வந்திருக்கா, நான்தான் எண்ணினேன்."

"அவ இங்க வந்ததே கிடையாது" என்றார் நார்மன். "வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"வியாழக்கிழமை வியாழக்கிழமை அவ எங்க போனான்னு நினைச்சீங்க?"

"தேவாலயத்துக்கு. பூ அலங்காரத்துக்கு."

"அது பத்து மணிக்கே முடிஞ்சுரும்யா. அஞ்சு சாடிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"இதுக்கு என்ன சாட்சி?"

கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. க்வெனுக்குக் கோபம் வரவில்லை. எதிர்பார்த்திருந்த கேள்விபோல, வீட்டுக்குள் போய் ஒரு கனமான ஆல்பத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். "உக்காருங்க. நின்னுக்கிட்டே பாத்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம், அவ சொல்லுவா."

ஒன்பது வசந்தம். ஒவ்வொரு பக்கத்திலும் நாள் எழுதியிருந்தது. மேவிஸின் சாய்ந்த கையெழுத்து. அவள் கேமராவில் இல்லாமல் போன படங்கள் இங்கேதான் இருந்தன. முதல் பக்கத்தில் மூன்றே பூக்கள். பிறகு ஏழு. பிறகு புல் நிறைய. பூக்களுக்கு நடுவே, தேவாலய மேலங்கியைக் கழற்றக்கூட இல்லாமல், வயிற்றின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கேமராவுக்குள் கண்ணை வைத்திருக்கும் மேவிஸ். காலணி ஒன்று கழன்று கிடந்தது. இன்னொன்றில் அவள் மல்லாந்து படுத்துச் சிரிக்கிறாள். பற்கள் தெரிய, கண்கள் இடுங்கி மறைய. அப்படி அவள் சிரித்து நார்மன் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது. இவ்வளவு பக்கத்தில், இருபது நிமிட நடையில், அந்தச் சிரிப்பு இருந்திருக்கிறது. முதலில் அவருக்கு வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். இத்தனை வருடம் குறைவாகவே நிறுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று தோன்றியது.

கடைசிப் பக்கத்தில் போன ஏப்ரல் தேதி. மேவிஸ் மெலிந்திருந்தாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பூவைப் பார்க்காமல், படம் எடுப்பவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஸ்டான் மேல பழி போட்டேன்" என்றார் நார்மன். "அது அவளுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எலின்னு சொன்னா."

"பயந்து போய் வாயில வந்ததச் சொல்லியிருக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க மதுக்கடைல அவனக் கேட்டுட்டீங்க. இங்க வந்து அழுதா. சொல்லிடறேன், சொல்லிடறேன்னு ரெண்டு வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தா. அப்புறம் அதப் பத்திப் பேசறதையே விட்டுட்டா."

"ஏன் சொல்லல?"

க்வென் ஆல்பத்தை மூடினாள். "சொல்லியிருந்தா நீங்க ஸ்டானை நம்பியிருப்பீங்க. அவள நம்பியிருப்பீங்களா? அதுக்கப்புறம் அவ ரொட்டி வாங்கப் போனாக்கூட மணி பாத்திருப்பீங்க. அவ அதச் செஞ்சது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. பாவம், அந்தப் பஸ்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். சொல்லல. இந்த வருஷம் படத்த எதுக்குப் போட்டிக்கு அனுப்பினேன்னு நினைக்கறீங்க? நாற்பத்தோராம் பிரிவ அளக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

நார்மன் எழுந்தார். பையிலிருந்த குறிப்பேட்டில் 'நாற்பத்தொன்று, ஏழு: விதிப்படி உள்ளது' என்று எழுதி, நேரத்தையும் குறித்தார். பழக்கம்.

இறங்கி வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். ஸ்டானிடம் என்ன சொல்வது? எலி என்று சொல்லலாம். நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்றும் சொல்லலாம். முப்பத்தொரு வருடத்தில் அவர் தப்பாக எண்ணியதில்லை, அதை ஸ்டான் நம்பமாட்டான். உண்மையைச் சொன்னால், பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும் மேவிஸின் தலையில் அது போய் விழும். சொல்லாவிட்டால் பத்தாவது வருடமும் ஸ்டானின் தலையில்.

மூன்று மணிக்கு ஸ்டானின் கதவைத் தட்டினார். கதவு நாலு விரற்கடை திறந்தது.

"என்ன காணாமப் போச்சு?" என்றான் ஸ்டான்.

"ஒண்ணும் போகல."

"பின்ன எதுக்கு வந்த? நீ சும்மா வர்ற ஆளில்லையே."

"கிழங்கை நீ எடுக்கல."

"அது எனக்குத் தெரியும். அதச் சொல்லவா ஒன்பது வருஷம் கழிச்சு வந்த? யார் எடுத்தா?"

நார்மன் சொன்னார். வாசற்படியில் நின்றே, மேவிஸையும் க்வெனையும் ஆப்பிள் தோப்பையும் வரிசையாக, சாட்சிக் கூண்டில் சொல்வதுபோலச் சொன்னார். ஸ்டான் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கதவை முழுதாகத் திறந்தான்.

"செத்துப்போனவ மேல பழியப் போடறியா? வெக்கமா இல்ல? உனக்கு யாராவது ஒரு திருடன் வேணும். நான் கெடைக்கலன்னா பொண்டாட்டியா?"

"க்வென்கிட்ட படம் இருக்கு. மேவிஸ் கையெழுத்து. தேதியோட. போய்ப் பாரு."

ஸ்டானின் முகம் மெதுவாக மாறியது. எதையோ கூட்டிப் பார்ப்பவன்போலச் சுவரைப் பார்த்தான்.

"கேக்" என்றான்.

"என்ன?"

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேவிஸ் என் வாசல்ல ஒரு பழக் கேக் வச்சிட்டுப் போவா. தட்டக்கூட மாட்டா. நீ அனுப்பிச்சு விடறியோன்னுகூட ஒரு வருஷம் நினைச்சேன். அப்புறம் இது உனக்குத் தெரியாம வர்றதுதான்னு புரிஞ்சுது. பாவப்பட்டு அவ குடுக்கறான்னு நினைச்சேன். மரக்கட்டை மாதிரி இருக்கும் அந்தக் கேக்கு. பாவம்னு முழுசாத் தின்னேன்." மூக்கை உறிஞ்சினான். "ஒன்பது கேக்கு, நார்மன்!"

"நான் தப்புப் பண்ணிட்டேன், ஸ்டான்."

"என் வாசல்ல நின்னு மொணமொணக்காத. நீ கேட்டது என் வாசல்லயா? மதுக்கடைல நாப்பது பேர் முன்னால கேட்ட. அதுல பாதிப் பேர் இன்னிக்கும் நான் அவங்க தோட்டத்துப் பக்கம் போனா எட்டிப் பாக்கறான். சொல்றதுன்னா அங்க சொல்லு."

"பேர் சொல்லணுமா?"

"அது உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. தேநீர் வாசனை, ஈரக் கம்பளி வாசனை, எல்லாவற்றுக்கும் மேல் டாஃபடில் வாசனை. ஜீன் ஒவ்வொரு பிரிவாக வாசிக்க, நார்மன் மேடையில் நின்று பரிசு அட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பதாம் பிரிவுவரை ஸ்டான் வரவில்லை. முப்பத்தைந்தில் பின்கதவு திறந்தது. மேலங்கியைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றான்.

"நாற்பத்தோராம் பிரிவு" என்றாள் ஜீன். "முதல் பரிசு, க்வென் ஹன்னஃபோர்ட்." கைதட்டல் எழுந்தது. நார்மன் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கப் பலர் கழுத்தை நீட்டினார்கள். க்வென் ரப்பர் காலணியோடே மேடைக்கு வந்தாள். அவர் அட்டையைக் கொடுத்தார். கீழே இறங்கப் போனவளை நிற்கச் சொன்னார்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இந்தப் படத்துல இருக்கற பூ எங்க வீட்டுப் பூ. ஒன்பது வருஷத்துக்கு முன்னால பதினோரு கிழங்கு காணாமப் போச்சுன்னு சொன்னேன். ஸ்டான் யெலண்ட் எடுத்ததாச் சொன்னேன். அவர் எடுக்கல. சந்தேகப்பட்டது என் தப்பு. அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

முன்வரிசையிலிருந்து யாரோ ஒரு கிழவன், காதில் கருவி மாட்டியவன், உரக்கக் கேட்டான்: "அப்ப யாருய்யா திருடினது?"

அந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று நார்மனுக்குத் தெரியும். இந்த இடத்தில் அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். க்வென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சுவரில் ஸ்டான் அசையவில்லை.

"யாரும் திருடல" என்றார் நார்மன். "அதை உண்டாக்கினவங்க அதைக் குடுத்திருக்காங்க. குடுக்க உரிமை உள்ளவங்க."

முதலில் பாதிரியாரின் மனைவிக்குப் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு வரிசை வரிசையாகப் புரிந்துகொண்டு போனது. யாரும் மேலே கேட்கவில்லை.

"பின்னால கேக்கல" என்றான் ஸ்டான்.

நார்மன் அவனைப் பார்த்தார். உண்மையிலேயே கேட்கவில்லையா, இல்லை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்ற ஆசையா? மண்டபம் அவ்வளவு பெரியதில்லை. சந்தேகம்தான். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை இன்னும் உரக்க, ஸ்டானின் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.